பகல் தரப்பு

"பதில் வந்திருக்கு. ஒரே வரிதான்!" மூன்றாவது மேசைக்குள்ளிருந்து காகிதத்தை உருவியபடி கத்தினார் நர்ஸ் அக்கா.

மாலை நேரச் சட்டக் கல்லூரி மொத்தமும் அவரைச் சுற்றிக் கூடியது. மொத்தம் என்றால் பதினேழு பேர். ஆண்டின் தொடக்கத்தில் அறுபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். மழையில் கல்லூரிக் கூரை இறங்கியபோது பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அடுத்துப் போன பெயின்ட் கிடங்கின் நெடி தாங்காமல் மீதியில் பாதி. இந்த மூன்றாவது இடம் வரை வந்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். பகலில் கட்டடம் வேறு ஆட்களுடையது. மாலை ஆறுக்குமேல்தான் இவர்களுக்கு.

"மூணு புகார் வந்தா சாவியைத் திருப்பிக் கொடுத்துடணும்" என்று கட்டடத்து மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு வந்தாயிற்று. ஒன்று, விளக்கை அணைக்காமல் போனது. இன்னொன்று, பலகையில் 'அழிக்காதீர்' என்று எழுதியிருந்ததை, அந்த 'அழிக்காதீர்' உட்பட, கண்டக்டர் அண்ணன் சுத்தமாகத் துடைத்துவிட்டது.

மூன்றாவது வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளுக்கு முன் மூன்றாவது மேசைக்குள் பகல் தரப்பின் சீட்டு ஒன்று கிடந்தது: 'என் சிவப்புப் பென்சிலை யார் எடுத்தது? நான் சொல்லிடுவேன்.'

தேர்வுக்குப் பன்னிரண்டே நாள்.

"படிங்கக்கா" என்றான் அட்டவணை. பகலில் தபால் பிரிக்கும் வேலை. எதை எழுதினாலும் எண் போட்டு எழுதுவதால் அந்தப் பெயர்.

"இருப்பா. முதல்ல நேத்து நீ எழுதி வெச்ச பதில் என்னன்னு சொல்லு."

அவன் நகலை எடுத்தான். நகல் வைக்காமல் அவன் எதையும் செய்வதில்லை. "ஒன்று, மேற்படி பென்சில் இந்த மேசையில் இருந்தது என்பதே ஒப்புக்கொள்ளப்படவில்லை. இரண்டு, இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது சிவப்பு அல்ல. மூன்று, சிவப்பு என்றே வைத்துக்கொண்டாலும், எவரும் எடுக்கவில்லை. நான்கு, எடுத்தார்கள் என்றே..."

"போதும்டா சாமி! எத்தனை வரைக்கும் போகுது?"

"பதினொண்ணுக்கா."

"அந்தப் பதினொண்ணையும் படிச்சுட்டுப் பகல் தரப்பு என்ன கேட்டிருக்கு தெரியுமா?" காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "'எடுத்தீங்களா, இல்லையா?'"



கண்டக்டர் அண்ணன் வழக்கம்போல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். இங்குள்ள இருக்கைகளுக்கும் அவர் முழங்காலுக்கும் ஆகாது. "ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரி சாட்சியைக் கேளுங்கன்னு ஒரு வருஷமா நமக்குத் தொண்டை கிழியச் சொல்றாங்க. நமக்கு வரல. அது எப்படிக் கேட்டிருக்கு பாரு! பதினொண்ணுக்கும் சேர்த்து ஒரே போடு!"

"பாராட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம்ணே. குழாய்ல குனிஞ்சு குனிஞ்சு தண்ணி பிடிச்சு எனக்கு இடுப்பே கழண்டு போச்சு. அதையும் பொறுத்துக்கிட்டுதான் இருக்கோம். இதுவும் போனா நடுத்தெருவுலயா படிக்கிறது?" நர்ஸ் அக்கா அட்டவணை பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எடுத்தியா, இல்லையா?"

அட்டவணை பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துப் பிரித்தான். "போன செவ்வாய், ஆறு இருபத்தஞ்சு. பேனா தீர்ந்து போச்சு. மேசைக்குள்ள கை விட்டேன். இது திருட்டா, இரவலான்னு ரெண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியலக்கா."

"பென்சில் எங்கே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"அடப்பாவி, தின்னுட்டியா?" என்றார் கண்டக்டர்.

"குறிப்பு எழுதினேண்ணே. சிவப்பு நல்லா எடுப்பா இருந்துச்சு." அவன் குரல் இறங்கியது. "எனக்கு இந்தப் படிப்பு சரிப்பட்டு வருமான்னே தெரியல. வருஷம் முழுக்க எழுதினதுல நூத்துக்கு நாப்பத்தஞ்சைத் தாண்டல. இப்ப என்னால உங்க எல்லாருக்கும் இடம் போகப் போகுது."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு" என்றார் நர்ஸ் அக்கா. "நேரா கேட்டதுக்கு நேரா பதில் எழுது. எண் போடாம."

அரை மணி நேரம் ஆனது. நாலு காகிதம் கசங்கியது. ஐந்தாவதில் இரண்டே சொற்கள் மிஞ்சின: 'எடுத்தேன். மன்னிக்கணும்.' கீழே, 'மூன்றாவது மேசைக்காரன்.' கண்டக்டர் அண்ணன் கடைக்கு ஓடி, பன்னிரண்டு சிவப்புப் பென்சில் உள்ள டப்பா ஒன்றை வாங்கி வந்தார். எல்லாம் மேசைக்குள் போயின.

மறுநாள் ஆறு அடிக்கும் முன்பே பதினேழு பேரும் வாசலில் நின்றார்கள். கதவு திறந்ததும் அட்டவணை பின்னுக்கு நகர்ந்துகொண்டதால் நர்ஸ் அக்காவே மேசைக்குள் கை விட்டார்.

டப்பா அங்கேயே இருந்தது. எண்ணினார். பதினொன்று.

"திருப்பி அனுப்பிருச்சே!" என்றார் கண்டக்டர். "சமாதானத்துக்கு ஒத்துக்கலயா?"

டப்பாவின் அடியில் அட்டவணையின் காகிதம். 'எடுத்தேன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சிவப்பு நட்சத்திரம். அதற்குப் பக்கத்தில் 10/10. அந்த ஆண்டு அவன் வாங்கிய முதல் முழு மதிப்பெண்.

கீழே குண்டு குண்டான சிவப்பு எழுத்தில் பகல் தரப்பின் தீர்ப்பு இருந்தது: 'காணாமப் போனது ஒண்ணுதான், அதனால ஒண்ணுதான் எடுத்துக்கிட்டேன். மிஸ்கிட்ட சொல்ல மாட்டேன் மாமா. இப்படிக்கு, லீடர், இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு.'