காக்கைக்கு வைத்த சோறு

வீட்டு வேலைக்கு வரும் பவுனு பச்சைத் தோல் ஏற்றிக்கொண்ட நாளிலிருந்து வசுமதி அவளுக்கு மதியச் சோறு போடுவதில்லை. பால்கனியில் அரைமணி நேரம் வெயிலில் நின்றால் போதும், இலையைப் போல அவள் உடம்பே சாப்பாடு செய்துகொள்ளும்.

இந்த ஐப்பசியில் ஒன்பது நாளாக அடைமழை. பால்கனியில் துணி எடுக்கப் போன வசுமதி, காக்கைக்கு வைத்த சோற்றைப் பவுனு அள்ளி விழுங்குவதைப் பார்த்துவிட்டாள்.

"காக்கா வரலக்கா," என்று பவுனு அவசரமாக வாயைத் துடைத்தாள். "வெயில் இல்லாட்டி தோலு ஒண்ணும் செய்யாது. ஆனா உடம்பு உள்ள இருக்கறத ராப்பகலா எரிச்சிக்கிட்டேதான இருக்கு."

"எங்கிட்ட கேக்கக் கூடாதா?"

"சாப்டியான்னு நீங்க கேட்டே ரெண்டு வருசமாச்சேக்கா."

வசுமதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பவுனுக்கென்று தனியாக வைத்திருந்த தட்டைத் தேடி அடுக்களைக்கு ஓடினாள். அலமாரியில் அது இல்லை. இரண்டு வருடமாக அதில்தான் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.