கால் வரைந்த காகிதம்

“இந்தத் தடவையும் ஷூ கடிக்குது. உங்களுக்கு அளவெடுக்கவே தெரியாதா?” கடைக்குள் வந்ததும் எரிந்து விழுந்தார் வாடிக்கையாளர்.

ஷூ தைப்பவர், மூன்று வருடமாக அவர் கால் வரைந்த காகிதங்களை விரித்தார். எட்டு, ஒன்பது, பத்து.

“அளவு சரிதாங்க. உங்க கால்தான் வளருது.”

“ஐம்பது வயசுலயா? பூசி மெழுகாதீங்க!”

“என் சம்சாரத்துக்கும் வளர்ந்துச்சே. மோதிரத்தைக்கூடக் கழட்ட முடியலை.”

வாடிக்கையாளர் தன் மோதிரத்தைத் திருகினார். அது அசையவில்லை. முகம் வெளிறியது.

“மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பியாம். அவளுக்கு அதுல கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோனை அள்ளிக் கொட்டுச்சாம்.”

வாடிக்கையாளர் ஷூவைக் கழற்றித் தன் பாதத்தையே பார்த்தார்.

“என்ன டாக்டர், மறந்துட்டீங்களா? அவ செருப்பைப் பார்த்தே கண்டுபிடிச்சது நீங்கதானே!”