வளை நெல்

விலங்கியல் வகுப்பில் ஞானசேகர் சார் கரும்பலகையின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் எறும்பு, மறுபக்கம் வரப்பெலி என்று எழுதினார். இரண்டுமே தானியத்தை மண்ணுக்குள் சேர்த்து வைக்கிறவை. எறும்பு உதிர்ந்ததைப் பொறுக்கும், எலி கதிரையே அறுத்துக்கொண்டு போகும் என்றார். "வளைய வெட்டினா உள்ள படி படியா நெல்லு கெடக்கும். அதையும் தோண்டியெடுத்துத் தின்னுற ஆளுங்க இருக்காங்கப்பா." அந்த ஆட்களில் ஒருத்தியான நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. வகுப்பே முகம் சுளித்துச் சிரித்தது. "ஐய, எலி வாய் வச்சத எவடி தின்னுவா?" என்று வைஷாலி என் தொடையில் தட்டினாள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். அவளுடைய இன்னொரு கை மேசைக்கு அடியில் என் டப்பாவுக்குள் இருந்தது. வளையில் எடுத்த நெல்லை அம்மா இடித்துக் கொடுத்த வெல்ல அவல். தினமும் பாதி அவளுக்குத்தான் போகிறது. வளைக்குள் குட்டிகள் கிடந்தால் ஒரு பிடி நெல்லை அவற்றுக்கு விட்டுவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவாள் அம்மா. அதை எழுந்து சொல்லியிருக்கலாம். "எங்கடி வாங்குறீங்க இத? செம ருசி" என்றாள் வைஷாலி மென்றுகொண்டே. "கடையில" என்றேன். "எந்தக் கடை?" நான் குனிந்துகொண்டேன். அவள் சிந்திய ஓர் அவலை ஓர் எறும்பு எல்லோர் கண்ணெதிரேயும் இழுத்துக்கொண்டு போனது. மிதிக்கத் தூக்கிய என் செருப்புக் கால் அதற்கு மேலே அப்படியே நின்றது.