பூசாத கை

"இந்தக் கைக்கு ஒரு டப்பா களிம்பு கொடுங்க ஐயா."

சொல்லிவிட்டேன்.

கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிவைத்திருந்த ஒன்று அது. இங்கே களிம்பு காய்ச்சலாம், கலக்கலாம், டப்பாவில் அடைக்கலாம். கொடு என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பிச்சைக்காரி என்று பெயர் வந்துவிடும்.

முதலாளி சோனெவ் காதில் விழாததுபோல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கின் கீழே, கறுப்புத் துணியின் மேல், அண்டா கழுவும் ராத்காவின் கை கிடந்தது. வைத்திருந்தாள் என்று சொல்ல மனம் வரவில்லை. கிடந்தது.

விரல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு பிளவு, உள்ளே சிவப்பாக. புறங்கை செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. கொட்டகையில் உறைகிற தண்ணீர், சோடாக் காரம், வெறுங்கை. கையுறை போட்டால் அண்டாவில் ஒட்டியிருக்கிற பிசுக்கு விரலுக்குத் தெரியாது.

புதிய குளிர்காலக் களிம்புக்கு விளம்பரப் படம் எடுக்கிறார்கள். இடது பக்கம் பூசுவதற்கு முன். வலது பக்கம் நாலு வாரம் பூசிய பின்.

இடது பக்கத்துக்கு ராத்காவின் கை. வலது பக்கத்துக்கு என் கை.

அதற்காக ஒரு மாதமாக எனக்குப் பஞ்சுக் கையுறை. தினமும் சாயங்காலம் வெந்நீரில் கை நனைத்து, ஈரம் காயும் முன் களிம்பைத் தடவ வேண்டும். ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கிற வேலைதான் களிம்புக்கு. நாலு வருஷம் வேதியியல் படித்து நான் தெரிந்துகொண்டதில் உருப்படியானது அது ஒன்று.

ராத்காவுக்கு வேறு உத்தரவு. படம் முடிகிறவரை கையில் ஒன்றும் தடவக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு வெட்டிய பன்றியின் கொழுப்பில் பூ போட்டுக் காய்ச்சிய மருந்து இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு ஜாடி இருக்கும். அதையும் தொடக் கூடாது.

அவள் தொடவில்லை. படுக்கப் போகும் முன் ஜாடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். மூடி வைத்துவிடுவாள்.

படம்பிடிக்க வந்த கலோயன், ராத்காவின் மணிக்கட்டில் இருந்த கயிற்றைக் கழற்றச் சொன்னான். மார்ச் முதல் தேதி, வசந்தத்தை வரவேற்றுக் கயிறு கட்டுகிற நாள். ஊரே மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றோடுதான் வந்திருந்தது. ராத்கா நாக்கைச் சொடுக்கித் தலையை மேலே தூக்கினாள், முடியாது என்று. நாரை கண்ணில் படவேண்டும், இல்லை ஒரு மரமாவது பூக்கவேண்டும். அதுவரை யாரும் அவிழ்க்கமாட்டார்கள். அவன் கையிலும் ஒன்று இருந்தது. அதனால் வற்புறுத்தவில்லை.

அப்புறம்தான் அவன் என் மணிக்கட்டைக் கவனித்தான். இரண்டு கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அடடே, ரெண்டும் ஒரே கடைச் சரக்கா? ரெண்டுலயும் பாதிக்குப் பாதி முடிச்சுதான். அந்த வியாபாரி உங்களை நல்லா ஏமாத்திட்டான்," என்று சிரித்தான். சுண்டுவிரல்கூட இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் வளைந்திருக்கிறதாம். அதிர்ஷ்டம்தானாம். ஒரே பெண்ணின் கை என்று பார்க்கிறவன் சத்தியம் பண்ணுவானாம்.

ராத்கா கண்ணைத் துணியை விட்டு எடுக்கவில்லை.

அப்போதுதான் நான் கேட்டது. அவள் கையைப் படம் எடுத்து முடித்தாயிற்று, இனிமேலாவது கொடுங்கள் என்று.

சோனெவ் நிதானமாகத் திரும்பினார். அடுத்த வாரம் பாதத்துக்கான களிம்புக்குப் படம் எடுக்கப்போகிறார்களாம். சாலையோரப் பெரிய பலகைக்கு இதே கையை இன்னொரு தடவை எடுத்தாலும் எடுப்பார்களாம். அதனால் கையும் காலும் இப்படியே இருக்கட்டுமாம். வசந்தம் வந்தால் தானாக ஆறிவிடுமாம். பட்டம் வாங்கிய எனக்கு இது தெரியவேண்டாமா என்றார். கலோயன் சிரித்தான்.

என் முகம் அவருக்குப் பிடிக்கவில்லை போல. ராத்காவின் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா ராத்கா, உனக்காக இந்தப் பொண்ணு இந்தத் துள்ளு துள்ளுதே. உனக்கு உறவா என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரத்தில் ஒரே ஒரு முறை.

நாக்கைச் சொடுக்கித் தலையை மேலே தூக்கினாள்.

"அப்புறம் என்ன," என்றார் அவர். "வா, உன் கையை வை."

நான் வைக்கவில்லை.

எந்த வியாபாரியும் எங்களை ஏமாற்றவில்லை. காலையில் விடியும் முன்னே அடுப்பங்கரையில் உட்கார்ந்து இரண்டு கயிற்றையும் அவள்தான் முறுக்கினாள். விரல் வெடிப்பில் நூல் சிக்கிச் சிக்கி அறுந்தது. அறுந்த இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு. ஒன்றைத் தன் கையில் கட்டிக்கொண்டு, மற்றதை என் கையில் கட்டிவிட்டாள். தினமும் சொல்வதை இன்றைக்கும் சொன்னாள்: "கம்பெனி கேட்டுக்கு உள்ள நான் உனக்கு யாரோ. அண்டா கழுவுறவ மகள்னு தெரிஞ்சா உன்னையும் கொட்டகைக்கு அனுப்பிடுவாங்க."

கையுறைகளைக் கழற்றிக் கறுப்புத் துணியில் போட்டேன். படத்துக்காகத் திறந்து வைத்திருந்த டப்பாவை எடுத்து மூடினேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. அம்மாவின் மேலங்கிப் பையில் அதைப் போட்டேன்.

"வெஸெலா, விளக்கு சூடாகிட்டிருக்கு," என்றான் கலோயன்.

கதவைத் திறந்தேன். கொட்டகையில் அம்மா பாதியில் விட்டு வந்த அண்டா நின்றது. தண்ணீர் மேல் அதற்குள் மெல்லிய பனித்தகடு படிந்திருந்தது.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே நடந்தேன்.