பாட்டில் கொய்யா

"ஏனுங்க சம்பந்தி, இந்தச் சின்ன வாய்ல இத்தனை பெரிய கொய்யா எப்படிங்க உள்ள போச்சு?"

இன்னும் நிச்சயம்கூட ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி! அவிநாசியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த கிருபாசங்கர் இப்படிக் கேட்டதுதான் தாமதம், பாலகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. டீப்பாய் மேலிருந்த பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"பிஞ்சா இருக்கறப்பவே கெளையோட பாட்டிலுக்குள்ள விட்டுக் கட்டிப்போடோணுங்க. அப்புறம் அது பாட்டுக்கு உள்ளயே வளந்துக்கும். நம்ம பொள்ளாச்சித் தோப்புல மரத்துக்கு மரம் பாட்டில்தானுங்க!"

"ஆமாங்க, ஒயின் ஷாப் தோத்துச்சு போங்க," என்றாள் மனைவி வரலட்சுமி, காபியை நீட்டியபடி. மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு விவசாயியான நாளிலிருந்து வீட்டில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

வந்தவர்கள் அப்படியில்லை, தங்கமான மனுஷர்கள். "அருமைங்க! எங்கயும் பாத்ததில்லீங்க!" என்று உருகினார்கள். வரலட்சுமி பதட்டத்தில் ரெண்டு தடவை உப்புப் போட்ட பஜ்ஜியைக்கூட அருமை என்றுதான் தின்றார்கள்.

மாப்பிள்ளைப் பையன் சாய்சரண் மட்டும் செல்ஃபோனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஆனால் மகள் நவ்யாவுக்கு அவனைப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. ஏற்கெனவே வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் பிள்ளை நொறுங்கிவிடுவாள்.

பாலகோபால் பாட்டிலைக் கிருபாசங்கர் கையிலேயே கொடுத்துவிட்டார். "ஷோகேஸ்ல வெச்சுக்கோங்க. நம்ம ஞாபகமா இருக்கட்டும்."

அடுத்த வாரம் ஃபோன் வந்தது. வரலட்சுமி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கொய்யா பிரமாதமுங்க!" என்றார் கிருபாசங்கர். "மனசு கேக்காம பாட்டிலை ஒடச்சு ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டுப்போட்டோமுங்க. தேனாட்டம் இருந்துச்சு! சாய்சரண் ஒருத்தனே பாதியத் தின்னுபோட்டானுங்க!"

பாலகோபாலுக்கு முகம் வெளுத்தது.

"அப்புறமுங்க, அம்மணியையும் எங்க எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. சாய்சரணுக்கு இனி வேற எடமே பாக்கறதில்லீங்க. நல்ல நாள் பாத்துச் சொல்லிப்போடறோமுங்க."

நவ்யா வெட்கத்தோடு அறைக்குள் ஓடினாள்.

"இத்தனை வருஷத்துல உங்க கிறுக்குத்தனம் இன்னைக்குத்தானுங்க ஒரு காரியத்துக்கு ஆச்சு!" வரலட்சுமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இருங்க, கேசரி கிண்டறேன். அப்படியே மண்டபத்துக்கும் சொல்லிப்போடலாம்."

பாலகோபால் சோபாவில் சரிந்தார். அவர்கள் பேச்சை நம்பி ஒரு துரும்பையும் அசைக்காதே என்று இவளிடம் சொல்லியாக வேண்டும். எந்த வாயால் சொல்வது? இந்தக் கோடையில் பாட்டிலுக்குள் இருந்த பழமெல்லாம் வெந்து அழுகிப்போனதால், கௌரவம் போகக்கூடாதென்று அந்தப் பாட்டிலின் அடியை அறுத்து, அவர் உள்ளே வைத்து ஒட்டியது மெழுகுக் கொய்யா.