பன்னிரண்டு மாதம்

"ஒரு நாள்கூட இருக்காததையெல்லாம் கணக்குல சேத்துக்காதே" என்று உமையாளின் மாமியார் ஊரிலிருந்து போனில் சொன்னதைக் கணவன் கதிரேசனும் பிடித்துக்கொண்டான். "யார் கேட்டாலும் நமக்குக் குழந்தை இல்லைன்னே சொல்லு." நியூஜெர்சியில் கேட்டவர்களிடமெல்லாம் உமையாள் அப்படித்தான் சொன்னாள்.

அமெரிக்க வருமான வரிக் கணக்குக்காக வந்த இடத்தில், ஆடிட்டர் சபேசனிடம் கதிரேசனே பேச்செடுத்தான். "போன ஜூலைல ஒரு பொண்ணு பொறந்துச்சு சார். அன்னைக்கே போயிடுச்சு. சேர்க்கலாமா?"

"அடடா. உயிரோட பொறந்துச்சுல்ல? பர்த் சர்டிபிகேட் இருந்தா தாராளமாச் சேர்க்கலாம், வரி குறையும். ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும் வருஷம் முழுக்க உங்க வீட்ல இருந்ததாத்தான் இங்க சட்டம்." சபேசன் கம்ப்யூட்டரில், குழந்தை வீட்டில் இருந்த காலம் என்ற கட்டத்தில் பன்னிரண்டு மாதம் என்று தட்டினார். "பேரு?"

கதிரேசன் உமையாள் பக்கம் திரும்பினான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது அவன் அம்மாவோடு போனில் இருந்தான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உமையாள் தினமும் கூப்பிடும் பெயர் அவன் காதில் விழுந்ததே இல்லை.

"சார் கேக்குறார்ல, சொல்லேன்" என்றான்.

உமையாள் சபேசனைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்களுக்குக் குழந்தை இல்லை சார்."