விட்டுப்போன கேள்விகள்

“கடவுள்தான் எல்லாத்தையும் படைச்சார்னா, கடவுளை யார் படைச்சது? பதில் சொல்லும்மா, பார்க்கலாம்,” என்றார் தாளாளர்.

இயற்பியல் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். ஒலி, ஒளி, மின்சாரம் எதுவும் இதுவரை அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

“இது சிலபஸ்ல இல்லையே, ஐயா?” என்றாள் அவள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியைக்குப் பகீரென்றது. பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர், பக்கத்துச் சபைக்குப் போதகர். இரண்டு இடத்திலும் அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அதுதான் வழக்கம்.

“சிலபஸ்ல இல்லாததைத்தான் முன்னாடி இருந்த வாத்தியான் நடத்திட்டுப் போயிட்டான். சரியான நாத்திகன். ஒன்பதாம் வகுப்பு பூராவும் கேள்வியா விதைச்சு வச்சிருக்கான். காலை ஜெபத்துல எழுந்து நின்னு கேக்குதுங்க. லீவுல போன வேதபாட டீச்சர் இன்னும் திரும்பி வரல.”

“அவருக்கு நீங்க பதில் சொல்லலையா, ஐயா?”

“சொன்னோமே. சீட்டைக் கிழிச்சு அனுப்பிட்டோம்.” தாளாளர் பெருமூச்சு விட்டார். “ஆளைத் தூக்க முடிஞ்சுது. கேள்வியைத் தூக்க முடியல.”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையிலா இருக்கிறாள்? வாடகை கேட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குத்தான் போக வேண்டும். மூட்டை தூக்கி அவளைப் பட்டதாரியாக்கிய மனுஷன். அதற்காகவே இன்றுவரை பெயருக்கு முன்னால் அவருடைய முதலெழுத்தைத்தான் போட்டுக்கொள்கிறாள். இந்த வயதில் அவர் முதுகில் இன்னொரு மூட்டையாக ஏறி உட்கார அவளுக்கு மனசில்லை.

“ஒரு பையன்கிட்ட பேனா இருக்கு, ஐயா. ஏதுடான்னா, பக்கத்துப் பையன்கிட்ட இரவல் வாங்கினேங்கறான். அவனைக் கேட்டா அவனும் இரவல். எல்லாருமே இரவல்னா கிளாஸுக்குள்ள பேனாவே வந்திருக்காது. எவனோ ஒருத்தன் சொந்தமா வச்சிருக்கணும். நம்ம உயிரெல்லாம் இரவல். அவரோடது மட்டும் சொந்தம். சொந்தக்காரர்கிட்ட போய் ‘நீங்க யார்கிட்ட இரவல் வாங்கினீங்க’ன்னு கேட்டா என்ன அர்த்தம்?”

தலைமையாசிரியை தன் கையிலிருந்த பேனாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சரி. கண்ணால பார்க்காததை, சோதனைக்கூடத்துல நிரூபிக்க முடியாததை எப்படி நம்புறது?”

“காய்ச்சலைத் தராசுல வச்சு எடை போட்டா தெரியுமா? தெரியாது. அதுக்காகக் காய்ச்சலே இல்லைன்னு ஆயிடுமா? கருவியை மாத்தணும், ஐயா. நியாயத்தை எந்த மீட்டர்ல அளப்பாங்க? ஆனா ஒரு மார்க் குறைச்சுப் பாருங்க, கடவுளே இல்லைங்கற பையன்தான் முதல் ஆளா எழுந்து ‘அநியாயம்’னு கத்துவான். நியாயம்னு ஒண்ணு எங்கேயோ எழுதி வச்சிருக்குன்னு அவனுக்கே தெரியுது. எழுதினவரைத்தான் தெரியாதுங்கறான்.”

தாளாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். “இதெல்லாம் வீட்ல பேசுவீங்களாம்மா?”

“சோறு ஆறிப்போற வரைக்கும் பேசுவோம், ஐயா. சில நாள் பக்கத்து வீட்டுக்கே கேக்கும்.”

“கேட்டீங்களா, மேடம்? இதுக்குப் பேர்தான் குடும்ப ஜெபம்!”

தலைமையாசிரியை பக்தியோடு தலையாட்டினார்.

“கடைசிக் கேள்வி. இது எனக்கே...” தாளாளர் சட்டென்று நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரு பச்சைக்குழந்தை நோயில சாகுது. அன்பான கடவுள் அப்போ எங்கே போனார்?”

இந்த ஒன்றுக்கு மட்டும் அவளிடம் சொந்தப் பதில் இல்லை. காலையில் பாத்திரம் தேய்க்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலை வார்த்தை வார்த்தையாக நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

“சாவு வீட்டுல வந்து காரணம் சொல்றவனை வெளியே போடான்னுதான் சொல்லுவோம், ஐயா. பக்கத்துல உட்கார்ந்து அழறவனைத்தான் உள்ளே விடுவோம். கடவுளும் காரணம் சொல்லல. சிலுவையில பிள்ளையைப் பறிகொடுத்தவரா அந்தத் தாய் பக்கத்துல வந்து உட்கார்றார். விளக்கம் சொல்ற கடவுளா இருந்தா கேள்வி கேட்டே மடக்கிடலாம். அழுது வீங்கின கண்ணோட வந்து உட்கார்றவர்கிட்ட என்னத்தைக் கேக்கிறது? கடவுளை நம்பாதவன்கூட இந்த ஒரு இடத்துல வாயடைச்சுப் போவான்.”

தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல. பிறகு மளமளவென்று நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை சீல் குத்தி நீட்டினார்.

“நாளைக்கே வந்து சேர்ந்துடு. அந்த நாத்திகனுக்கு மட்டும் உன்னை மாதிரி ஒருத்தி பக்கத்துல இருந்திருந்தா, இப்படிக் கெட்டுக் குட்டிச்சுவராப் போயிருக்க மாட்டான்.”

அவள் உத்தரவை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“அந்தக் கடைசிப் பதில் இருக்கே, ஞாயித்துக்கிழமை அதுதான் என் பிரசங்கம். எந்தப் போதகர் சொல்லிக்குடுத்தார்? பேரைச் சொல்லியே பேசறேன்.”

“போதகர் இல்லை, ஐயா. என் வீட்டுக்காரர்.”

“ஆகா, எப்பேர்ப்பட்ட விசுவாசி! எங்கேம்மா வேலை பார்க்கிறார்?”

அவள் உத்தரவைக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.

“போன மாசம் வரைக்கும் இங்கேதான், ஐயா. ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல்.”